ஊதிய ஒப்பந்தத்துக்கு உறுப்பினர் ஓட்டு: சீட்டா, செல்போனா? தொடக்கம் முதல் முடிவு வரை

பேச்சுவார்த்தை முடிந்து வரைவு ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சங்க ஆபீசில் கிளம்பும் முதல் கேள்வி, "சீட்டு அடிக்கலாமா, போன்லயே வாங்கிடலாமா?" என்பதுதான். உண்மையில் அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. அதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை விட்டுவிட்டால், எந்த வழியில் போனாலும் எண்ணி முடிக்கும் இரவில் சண்டை வரும்.

கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளிலும் பவுண்டரிகளிலும் பனியன் கம்பெனிகளிலும் இரண்டு விதமாகவும் ஓட்டு நடத்திக் கொடுத்திருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டு ஒழுங்காக நடந்ததா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்பவர், வேண்டாம் என்பவர் என்று உறுப்பினருக்குள் இருக்கும் இரு தரப்பில் தோற்ற தரப்பின் முகவர், "எண்ணிக்கை சரி" என்று தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

1. எதற்கு ஓட்டு என்பதை முதலில் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்

ஊதிய ஒப்பந்தத்தை உறுப்பினர் ஓட்டுக்கு விட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. சங்கத்தின் பைலாவில், அதாவது விதிப் புத்தகத்தில், இருந்தால் கட்டாயம். இல்லையென்றால் செயற்குழுவோ பேரவையோ (எல்லா உறுப்பினரும் கூடும் கூட்டம்) தீர்மானம் போட்டு நடத்தலாம். ஆகவே முதலில் பைலாவை எடுத்து வாசியுங்கள். "நம்ம பைலாவுல இருக்குதுங்க" என்று வாய்வழியாகச் சொல்வதை நம்பாதீர்கள். பல சங்கங்களில் அந்தப் புத்தகத்தைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

தீர்மானத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். யார் ஓட்டுப் போடலாம், எத்தனை பேர் போட்டால் செல்லும், பெரும்பான்மை என்பது போட்ட ஓட்டில் பாதிக்கு மேலா அல்லது மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலா, சரிசமமாக வந்தால் என்ன. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உதாரணத்துக்கு 400 உறுப்பினர், 300 பேர் ஓட்டுப் போட்டார்கள், ஏற்பவர் 170 என்று வையுங்கள். ஒரு கணக்கில் ஒப்பந்தம் ஜெயித்தது, இன்னொரு கணக்கில் தோற்றது. இதை எண்ணிய பிறகு பேச ஆரம்பித்தால் எந்தத் தரப்பும் விட்டுக்கொடுக்காது.

யார் போடலாம் என்பது எந்த வகை ஒப்பந்தம் என்பதையும் பொறுத்தது. 18(1) என்றால் கையெழுத்துப் போடும் தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) என்றால், சங்கத்தில் இல்லாதவர் உட்பட அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். இவை பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2020 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டில் எல்லோரும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள், அந்த வேறுபாடும் புதிய சட்டத்தில் அப்படியே இருக்கிறது. 12(3) போடப் போகிறீர்கள் என்றால், உறுப்பினர் அல்லாதவரின் கருத்தையும் கேட்பதா என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். கேட்பது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அவர்களுக்குத் தனிப் பட்டியல், தனிப் பெட்டி வைத்துத் தனியாக எண்ணுங்கள். பைலாப்படி முடிவெடுக்கும் ஓட்டோடு கலக்கக் கூடாது.

கையெழுத்தின் வரிசையிலும் கவனம் தேவை. ஓட்டு முதலில், கையெழுத்து பிறகு. பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகம் வற்புறுத்தி வரைவில் சுருக்கொப்பம் வாங்கினால், "பேரவை ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள். அந்த மூன்று சொல் இல்லாமல் போட்ட கையெழுத்தின் படம் அன்று சாயங்காலமே எல்லோர் போனுக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகு ஓட்டு என்பது வெறும் சடங்கு.

இன்னொன்றையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்: ஒப்பந்தத்தை நிராகரிப்பது வேலைநிறுத்த முடிவு ஆகாது. வேலைநிறுத்தத்துக்குப் புதிய சட்டப்படி குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதற்குத் தனி முடிவும் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், "வேண்டாம்னு போட்டா நாளைக்கே கேட்டை மூடிருவாங்க" என்ற பேச்சு பரவி, பயந்துபோய் ஏற்பவர்கள் கூடுவார்கள்.

2. ஒப்பந்தத்தை வாசிக்கக் கொடுங்கள்

முழு வரைவும் சங்க அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். அதோடு இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றும் வேண்டும்: அடிப்படைச் சம்பளத்தில் எவ்வளவு கூடுகிறது, பஞ்சப்படி எப்படிக் கணக்கிடப்படுகிறது, அரியர்ஸ் எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தக் காலம் எத்தனை வருடம், பதிலுக்கு நாம் எதை ஒப்புக்கொள்கிறோம். கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள். வேலைப்பளு கூடும் ஷரத்தை ஏழாம் பக்கத்தில் ஒளித்து வாங்கிய ஓட்டு முதல் மாதச் சம்பளம் வரைக்கும்கூட நிற்காது.

பனியன் கம்பெனியில் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று பிரிவுக்குப் பிரிவு தொகை வேறு. "சராசரி உயர்வு இவ்வளவு" என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பிரிவுவாரியாக இன்றைய கூலி, புதிய கூலி என்று ரூபாயில் எழுதுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கேட் மீட்டிங்கில் உரக்கப் படியுங்கள், ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியாக.

இதற்குக் குறைந்தது மூன்று முழு நாள் கொடுப்பது என் வழக்கம். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நாள், பக்கத்து மெஷின்காரரிடம் கேட்க ஒரு நாள், சங்கத்தில் வந்து சண்டை போட ஒரு நாள்.

3. வாக்காளர் பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை பட்டியலில்தான் பிறந்தன. சீட்டு என்றாலும் போன் என்றாலும் பட்டியல் ஒன்றுதான், அதன் ஓட்டைகளும் ஒன்றுதான்.

டோக்கன் நம்பரைப் பட்டியலின் முதல் பத்தியில் வையுங்கள், பெயரை இரண்டாவதில். நம் பக்கம் ஒரே டிபார்ட்மெண்டில் மூன்று பழனிசாமி, இரண்டு சுப்பிரமணி இருப்பது சாதாரணம். வெளிமாநிலத் தொழிலாளர் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒவ்வொரு கிளார்க்கும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். டோக்கன் நம்பர் மாறாது. அதோடு ஈஎஸ்ஐ அட்டையையும் காட்டச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பட்டியலைச் சந்தா ரசீதுப் புத்தகத்திலிருந்து எடுங்கள். கம்பெனி மஸ்டரிலிருந்து (வருகைப் பதிவேடு) எடுத்து, பிறகு உறுப்பினர் அல்லாதவரைக் கழிப்பது தலைகீழ் வேலை, கண்டிப்பாகச் சிலர் விடுபடுவார்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் விஷயத்தில் ஒரே விதி வையுங்கள்: எந்தத் தேதிக்குள் கட்டினால் ஓட்டு உண்டு என்று அறிவித்துவிட்டு, அதன்பிறகு யாருக்கும் தளர்த்தாதீர்கள். "நம்ம ஆளுதானுங்க, கட்டிருவாரு" என்று ஒருவருக்குத் தளர்த்தினால் எதிர்த்தரப்பு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

விடுபடுகிறவர்கள் யார் என்று எனக்கு இப்போது மனப்பாடம். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்கள். விபத்தில் அடிபட்டு ஈஎஸ்ஐ விடுப்பில் இருப்பவர்கள். விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர்கள். இவர்கள் இன்னும் தொழிலாளர்கள்தான், பெயர் இருக்க வேண்டும். இன்னொரு யூனிட்டுக்கு மாற்றப்பட்டு, சந்தா மட்டும் பழைய கிளையில் கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

பட்டியலை ஓட்டு நாளுக்கு ஏழு நாள் முன்னால் ஒட்டுங்கள். இரண்டு நாள் முன்னால் பூட்டுங்கள். பூட்டிய பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பு முகவரும் கையெழுத்திட வேண்டும். பூட்டிய பிறகு யாராவது வந்து பெயரில்லை என்றால், தனி உறையில் போட்ட ஓட்டாக வாங்கி வைத்து, எண்ணுவதற்கு முன் இரு தரப்பும் பேசி முடிவெடுக்கலாம். ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தேதி குறிப்பதும் இதன் பகுதிதான். சனிக்கிழமை சாயங்காலம் வாராந்திரச் சம்பளம் கைக்கு வரும் இடங்களில் அன்று ஓட்டு வைக்காதீர்கள், எல்லோருக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் போகும் அவசரம். பொங்கல், தீபாவளி, ஆடிப்பெருக்கு, ஊர் மாரியம்மன் நோன்பு, வடநாட்டுத் தொழிலாளர் ஊருக்குப் போகும் ஹோலி, சத் பூஜை வாரங்களைத் தவிருங்கள். போன் வழி என்றால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. சீட்டா, போனா?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். நான் மூன்று விஷயம் பார்த்துத்தான் சொல்வேன்: ஆட்கள் எத்தனை இடத்தில் இருக்கிறார்கள், போன் யார் கையில் இருக்கிறது, தோற்றவர் எதை நம்புவார்.

ஒரே கேட், எல்லோரும் அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள் என்றால் சீட்டை விடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஆயிரம் பேர் என்றாலும் ஒரே நாளில் முடியும். எண்ணுவதைக் கண்ணால் பார்க்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்து நம்பலாம். சர்வீஸ் பிரிவு, டெப்போக்கள், வெளியூர்க் கிளைகள் என்று ஆட்கள் சிதறிக் கிடந்தால் போன் வழிக்கு அர்த்தம் உண்டு.

கம்பெனிப் பங்குதாரர்களுக்கு 2014 விதிகளின்படி இணைய வழி ஓட்டு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். அது நன்றாகத்தான் நடக்கிறது. அதைக் காட்டி, "அவங்களுக்கு முடியும்னா நமக்கு ஏன் முடியாது" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே பெரும்பாலான பங்குதாரர்களுக்கு டீமேட் கணக்கும் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) சரிபார்த்த அடையாளமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று அறிந்து அவரை வேலையிலிருந்து தூக்க யாரும் காத்திருக்கவில்லை. நம் உறுப்பினருக்கு இரண்டு நிலையும் வேறு.

ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்கள் நிறைந்த நூற்பாலை என்றால் தனிப் போனில் ஓட்டு வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்வேன். பல்லடம் பக்கம் ஒரு ஆலையில் நாங்கள் போன் ஓட்டு வைத்தபோது, ஃபுல் நைட் முடித்து வந்த பெண்கள் எட்டுப் பேர் ஒரே அறையில், இருந்த மூன்று போனில் மாறி மாறிப் போட்டார்கள். கண்காணிக்கும் அம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். மிரட்டவில்லை, நின்றார், அவ்வளவுதான். எட்டும் ஒரே மாதிரி விழுந்ததாக அந்தப் பெண்களே பிறகு சொன்னார்கள். அந்த ஓட்டை ரகசிய ஓட்டு என்று நான் எந்த முகத்தோடு அறிக்கையில் எழுதுவது? அடுத்த முறை அங்கே சீட்டுதான்.

5. சீட்டு வழி

முன்கூட்டி வேண்டியவை: தடித்த தாளில் அச்சிட்ட சீட்டு, அம்புக்குறியோ பெருக்கல் குறியோ உள்ள ரப்பர் ஸ்டாம்புகள், ஸ்டாம்ப் பேட், மறைப்புக்கு அட்டை, பூட்டுள்ள பெட்டி, அரக்கு அல்லது கையெழுத்திட்ட தாள் முத்திரை, பூட்டிய பட்டியலின் இரண்டு படிகள், கணக்குப் புத்தகம் ஒன்று.

சீட்டில் ஒரே கேள்வி. "இந்த வரைவு ஒப்பந்தத்தை ஏற்கிறேன்", "ஏற்கவில்லை" என்று இரண்டு கட்டம். ஒவ்வொரு ஷரத்துக்கும் தனியாக ஓட்டு வைக்கலாம் என்று ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகம் மாதிரி ஆனது ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நமக்கு அது வேண்டாம். ஒப்பந்தம் கொடுக்கல் வாங்கலாக மொத்தமாகப் பேசி முடித்தது, ஒரு ஷரத்தை மட்டும் உருவினால் மற்றதும் நிற்காது.

வாசிக்கத் தெரியாதவருக்காக ஏற்பவருக்கு வட்டம், ஏற்காதவருக்குச் சதுரம் என்று போடுங்கள். பூ, இலை, கை, சூரியன் எதுவும் வேண்டாம், எந்தப் படம் வைத்தாலும் ஏதாவது ஒரு கட்சியின் சின்னம் என்ற பேச்சு வரும். பச்சை, சிவப்பும் வேண்டாம். பச்சை சரி, சிவப்பு தப்பு என்று நிறமே பிரச்சாரம் செய்துவிடும்.

சீட்டில் வரிசை எண் அச்சிடாதீர்கள். அச்சகத்துக்காரர் வழக்கப்படி போட்டுவிடுவார், முன்பே சொல்லுங்கள். பட்டியலில் கையெழுத்து வாங்கும் வரிசையும் சீட்டு எண்ணும் ஒத்துப்போனால், யார் எதற்குப் போட்டார் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். எண்ணுக்குப் பதிலாக 50 சீட்டாகக் கட்டுக் கட்டி, கொடுக்கும் நிமிடத்தில் பின்பக்கம் பொறுப்பாளர் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்து இல்லாதது வெளியிலிருந்து வந்த சீட்டு. பேனாவுக்குப் பதில் ஸ்டாம்ப் சொல்வதும் இதற்காகவே, கையெழுத்தின் சாயலில் ஆளை அடையாளம் காண முடியாது.

இடம் விஷயத்தில் கறாராக இருங்கள். ஹெச்.ஆர். அறை, டைம் ஆபீஸ், சிசிடிவி பார்க்கும் இடம் எதுவும் கூடாது. கேட்டுக்கு எதிரே இருக்கும் மண்டபமோ சங்க ஆபீசோ போதும். ஷிப்ட் மாறும் அரை மணி நேரம்தான் உங்கள் நேரம், கம்பெனி பஸ் காத்திருக்காது. பெயர் சொல்லி, டோக்கன் காட்டி, கையெழுத்துப் போட்டு, சீட்டு வாங்கி, எப்படி மடிப்பது என்று கேட்டுக்கொண்டு நகர ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது. 30 நிமிடத்தில் ஒரு மேசைக்கு 20 பேர். 120 பேர் வரும் ஷிப்ட் என்றால் ஆறு மேசை வேண்டும். புதியவர்கள் இரண்டு மேசை போட்டுவிட்டு, "ஆளுங்களுக்கு அக்கறையே இல்லைங்க" என்று வருத்தப்படுவார்கள். அக்கறை இருந்தது, வரிசைதான் நகரவில்லை.

மறைப்பிலிருந்து வெளியே போகும் வழியில், கடந்தே தீர வேண்டிய இடத்தில் பெட்டி இருக்கட்டும், பக்கத்தில் ஓர் ஆளும். கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் கொடுத்தது 211 சீட்டு, பெட்டியில் இருந்தது 210. இரவு ஒரு மணி வரைக்கும் வாக்குவாதம். மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர், எட்டாக மடித்த சீட்டை இடுப்புச் சுருக்கிலிருந்து எடுத்து நீட்டினார். "ஏஞ் சாமி, இது ரசீதுன்னு நெனச்சு பத்தரமா வெச்சுக்கிட்டனுங்க. தொலைச்சுப்போட்டா சம்பளம் ஏத்த மாட்டாங்கன்னு பயந்துட்டனுங்க." வட்டத்தின் மேல் அழகாக ஒரே ஒரு குத்து. மை மறுபக்கம் ஒட்டாமல், கட்டங்களுக்கு நடுவிலேயே கவனமாக மடித்திருந்தார். அந்த ஓட்டைச் சேர்க்க முடியவில்லை. அன்றிலிருந்து சீட்டின் வெளிப்பக்கத்தில், "மடித்துப் பெட்டியில் போடவும்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம், வாயாலும் சொல்கிறோம்.

தொடங்கும் முன் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுங்கள். மூன்று ஷிப்டுக்கும் ஓடும் ஓட்டு என்றால் பெட்டி இரவு தங்க நேரும். வாயை முத்திரையிட்டு, இரண்டு பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு சாவி இரு தரப்பிடமும் இருக்கட்டும். பெட்டி இருக்கும் அறையில் இரு தரப்பிலும் ஒருவர் படுத்துக்கொள்ளட்டும். கஷ்டம்தான். ஆனால் ஓட்டு முழுவதற்கும் மிக மலிவான காப்பு இதுதான்.

6. போன் வழி

முதலில் செய்யக் கூடாதவை. வாட்ஸ்அப் குரூப்பில் கருத்துக்கணிப்பு (poll) வைக்காதீர்கள், யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு காட்டிவிடும். கூகுள் ஃபார்மும் வேண்டாம். ஒருவருக்கு ஒரே பதில் என்று கட்டுப்படுத்தக் கூகுள் கணக்கு கேட்கும், ஒருவரே நான்கு கணக்கு வைத்திருக்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் பதிவாகும். பத்துப் பேர் வேலை செய்யும் பிரிவில் 11.42க்கு யார் போனை எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் விட, ஃபார்மை உருவாக்கியவர் நடுவிலேயே நிலவரத்தைப் பார்க்கலாம். யார் முந்துகிறார் என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், கடைசி நாள் அவர் எந்தப் பிரிவுக்குப் போய்ப் பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை.

நீங்கள் வாங்கும் அமைப்பில் கேட்க வேண்டியவை இவை. யார் ஓட்டுப் போட்டார் என்ற பதிவும், என்ன போட்டார் என்ற பதிவும் வேறு வேறு இடத்தில், இணைக்க முடியாதபடி இருக்கிறதா? மூடும் நேரம் வரை முடிவு பூட்டியிருக்குமா? ஓட்டு சேர்ந்ததா என்று உறுப்பினர் சரிபார்க்க ஒரு குறியீடு கிடைக்குமா? அந்தக் குறியீடு அவர் எதற்குப் போட்டார் என்பதைக் காட்டக் கூடாது, காட்டினால் மேஸ்திரி, "எடுத்துக் காட்டு பார்க்கலாம்" என்பார். ஹீலியோஸ் என்ற திறமூல மென்பொருளில் இந்தச் சரிபார்ப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் அதை உருவாக்கியவர்களே மிரட்டல் குறைவான இடங்களுக்கு மட்டும்தான் அதைச் சொல்கிறார்கள்.

மிரட்டலுக்கு ஒரு பகுதி மருந்து உண்டு. மூடும் நேரம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே செல்லும் என்று வைப்பது. எஸ்டோனியாவில் 2005 முதல் நடக்கும் இணையத் தேர்தலில் இப்படித்தான். பக்கத்தில் நின்று போட வைத்தவருக்கு, அது நிற்குமா என்ற நிச்சயம் இருக்காது.

ஓடிபி அனுப்புவதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்பே பதிய வேண்டும். சங்கப் பதிவுச் சான்று கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், நாட்கள் ஓடும். தேதி அறிவித்துவிட்டு இதைத் தொடங்கினால் ஓட்டு அன்று செய்தி போகாது. பதிவு முடிந்த பிறகே தேதியை அறிவியுங்கள்.

அடுத்தது நம்பர். ரீசார்ஜ் முடிந்த சிம்முக்குச் செய்தி வராது. கணவன் மனைவி இருவரும் அதே ஆலையில், வீட்டுக்கு ஒரே நம்பர். ஊருக்குப் போய்த் திரும்பும்போது சிம் மாறியிருக்கும். ஆகவே ஒரு வாரம் முன்னால் எல்லோருக்கும் சோதனைச் செய்தி அனுப்பி, யாருக்கு வரவில்லை என்று பிரிவுப் பொறுப்பாளர் நேரில் கேட்க வேண்டும்.

எஸ்எம்எஸ் சிக்கலே வேண்டாம் என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. ரகசிய எண் அச்சிட்டு ஒட்டிய சிறு உறைகளை ஒரு அண்டாவில் கொட்டிக் கலக்குங்கள். உறுப்பினர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தானே கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். எந்த எண் யாரிடம் என்று கணினிக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. போன் இல்லாதவருக்குச் சங்க ஆபீசில் மறைப்புக்குள் ஒரு டேப்லெட் வையுங்கள். எண்ணைத் தொலைத்தவருக்கு வேறு எண் கொடுக்க முடியாது என்பது இதன் குறை. பழையதை ரத்து செய்ய அது எது என்று நமக்கே தெரியாதே. இதை வாங்கும்போதே அழுத்திச் சொல்லுங்கள்.

மாதிரி ஓட்டை விட்டுவிடாதீர்கள். பொதுத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் குறைந்தது 50 ஓட்டு மாதிரியாகப் போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்த பிறகே பதிவு தொடங்குகிறது. பூத் ஏஜென்டாக உட்கார்ந்த பல பேர் உங்கள் சங்கத்திலேயே இருப்பார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். இரு தரப்பு முகவரும் சேர்ந்து 20 ஓட்டுப் போடட்டும், எதற்கு எத்தனை என்று தாளில் குறித்துக்கொள்ளட்டும். மூடி, முடிவைத் திறந்து, தாளோடு ஒப்பிட்டு, பூஜ்ஜியமாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கம்பெனி வைஃபையில் ஓட்டுப் போட வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். கம்பெனி சிஸ்டம் ஆட்கள் அமைப்பை நடத்த உதவுவதாகச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

7. இரண்டும் சேர்த்து நடத்தினால்

முடிந்தவரை வேண்டாம். நடத்தியே ஆக வேண்டும் என்றால் போன் ஓட்டை முந்தைய நாள் இரவே மூடிவிடுங்கள். யார் போட்டார்கள் என்ற பட்டியலை மட்டும் எடுத்து, மேசைப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போட்ட பிறகே சீட்டுக் கொடுக்கத் தொடங்குங்கள். உறை எடுக்கும் முறையில் இந்தப் பட்டியல் கிடைக்காது, அங்கே உறை வாங்கியவருக்குச் சீட்டு இல்லை என்று வைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒருவர் இரண்டு ஓட்டுப் போட்டதைத் தடுக்கவே முடியாது. எது அவருடையது என்று பிரித்தெடுக்கவும் முடியாது.

8. எண்ணுவது

சீட்டு என்றால், குறியைப் பார்க்காமல் முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். கவிழ்த்து வைத்து 25 சீட்டாகக் கட்டுங்கள். பெட்டியில் இருந்தது, கெட்டுப்போய்த் திருப்பி வாங்கியது, கொடுக்காமல் மிச்சம் இருப்பது, மூன்றும் சேர்ந்தால் அச்சகத்திலிருந்து வந்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நின்று தேடுங்கள். யார் ஜெயிக்கிறார் என்று தெரிவதற்கு முன்னால் இருதரப்பும் சேர்ந்து தேடுவார்கள். தெரிந்த பிறகு ஒருவர் தேடுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார்.

பிறகு மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: வட்டம், சதுரம், சந்தேகம். எது செல்லும் என்ற விதியைப் பெட்டி திறக்கும் முன்னரே படித்துக் காட்டியிருக்க வேண்டும். கோட்டின் மேல் விழுந்து பெரும்பகுதி ஒரு கட்டத்தில் இருந்தால் அந்தப் பக்கம். இரண்டிலும் குத்தியிருந்தால் செல்லாது. பெயர் எழுதியிருந்தால் செல்லாது, ரகசியம் போய்விட்டது. சந்தேகச் சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இரு முகவரும் சொன்ன பிறகு வையுங்கள். வித்தியாசம் செல்லாத சீட்டின் எண்ணிக்கையை விடக் குறைவாக இருந்தால், யாரும் கேட்காமலே மறு எண்ணிக்கை செய்யுங்கள்.

போன் என்றால், முடிவைத் திறக்கும் கடவுச்சொல்லை மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள். செயற்குழுவிலிருந்து ஒருவர், எதிர்த்தரப்பில் ஒருவர், வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ. திரையில் எல்லோரும் பார்க்கத் திறங்கள். முதலில் ஓட்டுப் போட்டவர் எண்ணிக்கை, அடுத்து ஓட்டுகளின் எண்ணிக்கை, இரண்டும் ஒத்தால் மட்டும் முடிவு.

9. அறிவிப்பும் அதன் பிறகும்

ஐந்து எண்ணையும் சொல்லுங்கள்: பட்டியலில் உள்ளவர், ஓட்டுப் போட்டவர், ஏற்றவர், ஏற்காதவர், செல்லாதது. "பெரும்பான்மையோர் ஆதரவு" என்று மட்டும் அறிவித்தால் சந்தேகத்துக்கு நீங்களே விதை போடுகிறீர்கள். பிரிவுவாரியாக எண்ணி அறிவிக்காதீர்கள். பேக்கிங் பிரிவில் ஒன்பது பேர், ஒன்பதும் எதிர்ப்பு என்று வெளியே வந்தால், அந்த ஒன்பது பேரின் ரகசியமும் அதோடு போய்விட்டது.

தோற்றால், மாற்றம் இல்லாத அதே வரைவை மறுபடி ஓட்டுக்கு விடாதீர்கள். ஒரு ஷரத்தாவது மாறி வந்திருக்க வேண்டும், எது மாறியது என்று சுருக்கத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். ஏற்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று உறுப்பினர் நினைத்துவிட்டால் அடுத்த ஓட்டுக்கு வர மாட்டார்.

எண்ணிய சீட்டுகளைக் கட்டி, முத்திரையிட்டு, எண்ணிக்கைத் தாளோடு ஒரே பையில் வையுங்கள். பட்டியலைத் தனிப் பையில், தனி அலமாரியில். ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆட்சேபம் சொல்ல நீங்கள் அறிவித்த கெடுவும் முடிந்த பிறகு, எண்ணியபோது கையெழுத்திட்ட அதே ஆட்கள் முன்னிலையில் சீட்டுகளை எரித்துவிடுங்கள். போன் வழி என்றால் நம்பர் பட்டியலைச் சர்வரிலிருந்தும், அதை ஏற்றிய லேப்டாப்பிலிருந்தும், அனுப்பிய வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்து, அமைப்பை நடத்தியவரிடம் அழித்ததாக எழுத்தில் வாங்குங்கள். தேதியையும் இருந்தவர்கள் பெயரையும் தீர்மானப் புத்தகத்தில், ஓட்டு நடத்த முடிவெடுத்த தீர்மானத்துக்கு நேர் கீழே எழுதி வையுங்கள்.